பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்: அப்டேட் நின்றால் முதலில் எதை மாற்றுவது?

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கத்துப் பெரிய வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் தினமும் ஓடுவதில்லை. பொங்கலுக்கோ, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ, ஒரு கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து வீட்டைத் திறக்கும்போதுதான் அதற்கும் சுவிட்சைப் போடுகிறார்கள். பல மாத அப்டேட் அன்றைக்கே இறங்கப் பார்க்கும். பாதியில் நின்றுவிடும். அப்புறம் வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், பஞ்சாயத்து ஆரம்பிக்கும். புது கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்பார் ஒருவர். விண்டோஸ் 11 போட்டால் சரியாகிவிடும் என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்பார் கடைக்காரர். நெட் கம்பெனியை மாத்துங்க என்பார் பக்கத்து வீட்டு அண்ணன்.

இந்த நாலு யோசனையும் ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியான யோசனைதான். எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து வீடுகளில் முதலில் மாற்ற வேண்டியது, கம்ப்யூட்டருக்கு நெட் வந்து சேரும் வழி. அதைச் சரிசெய்யாமல் விண்டோஸில் கைவைத்தால் காசும் போகும், நேரமும் போகும். நெட் சரியான பிறகும் அப்டேட் நின்றால்தான் மற்ற வழிகளை யோசிக்க வேண்டும்.

முதலில், இது என்ன கோளாறு?

அப்டேட் வரவே இல்லை என்பது ஒன்று. வருகிறது, இறங்காமல் நிற்கிறது என்பது இன்னொன்று. இறங்கிவிட்டது, ஏற மறுக்கிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் செலவு வருகிறது.

வரவே இல்லை என்றால் அது கோளாறாக இல்லாமலே இருக்கலாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத விண்டோஸ் 10 கம்ப்யூட்டருக்கு மாதாந்திர அப்டேட் வராமல் இருப்பதுதான் இயல்பு. அதற்காக ரவுட்டரை, அதாவது நெட் பெட்டியை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஒரு பயனும் இல்லை. அந்த நீட்டிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இறங்காமல் நின்றால் திரையில் வரும் எரர் எண்ணைப் படியுங்கள். படம் பிடித்து அனுப்பச் சொன்னால் பலரும் மேலே இருக்கும் வாசகத்தை மட்டும் பிடித்து அனுப்புகிறார்கள். நமக்கு வேண்டியது கீழே சின்ன எழுத்தில் இருக்கும் அந்த எண்தான். பூஜ்யம், எக்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு அதற்கு அடுத்துப் பாருங்கள். 80072 என்று தொடங்கினால் பெரும்பாலும் நெட் சம்பந்தப்பட்டது: சர்வரிடமிருந்து நேரத்துக்குள் பதில் வரவில்லை, சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, பாதுகாப்பான இணைப்பு அமையவில்லை, இப்படி ஏதாவது ஒன்று. 80070070 என்று முழுதாக வந்தால் ஹார்டு டிஸ்க்கில் இடம் இல்லை என்று அர்த்தம். 800எஃப் என்று தொடங்கினால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளில் ஏதோ சேதம் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டாலே கடைக்குப் போகும் பல பயணங்கள் மிச்சம்.

அடுத்து, ஒரு பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கானாடுகாத்தானில் எங்கள் உறவு ஆச்சி ஒருவர் போன் செய்தார்: "தம்பி, காலையில இருந்து அப்டேட் 27 பர்சென்ட்லயே நிக்குதப்பா, நகரவே மாட்டேங்குது." கம்ப்யூட்டர் இருப்பது இரண்டாங்கட்டு அறையில். நெட் பெட்டி முகப்பில். நேரில் போனதும் நாங்கள் செட்டிங்ஸ் பக்கமே போகவில்லை. சிபியு பெட்டியை மட்டும் கழற்றி முகப்புக்குத் தூக்கி வந்து, அங்கே இருந்த டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைச் சொருகி அதையே மானிட்டர் ஆக்கிக்கொண்டோம். நெட் பெட்டியிலிருந்து ஒரு சின்ன லேன் கேபிள் நேராக சிபியுவுக்கு. மதியச் சாப்பாட்டுக்கு முன் தொடங்கியது, காபி நேரத்துக்குள் இறங்கி, ஏறி, ரீஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. விண்டோஸில் ஒரு கோளாறும் இல்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் ஃபார்மட் பண்ண ஒத்துக்கொள்ளாதீர்கள். லேப்டாப் என்றால் இன்னும் சுலபம், தூக்கிக்கொண்டு வந்து ஒரு முக்காலியில் வைத்தால் போதும். சில மெல்லிய லேப்டாப்களில் லேன் துளை இருக்காது. அப்போது நெட் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வைஃபையில் பார்க்கலாம்.

நெட் உள்ளே வரும் வழிகள்

நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீளமாகப் போகும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய தடித்த சுவர்கள். ஃபைபர் கொண்டுவருகிறவர் தெருப்பக்கம் முகப்பிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் மோசம், முகப்பிலேயே நின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் உள்ளே வரும். வாசலிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், கதவுகள் திறந்திருக்கும் பகலில் அந்தக் கோட்டில் சிக்னல் ஓரளவு வரும். பக்கவாட்டு அறைக்குள் போனாலோ, ராத்திரி நடுக்கதவைச் சாத்தினாலோ குறைந்துவிடும். பகலில் ஓடியது ராத்திரி நிற்கிறது என்று யாராவது சொன்னால் அதில் மர்மம் எதுவும் இல்லை.

வாட்ஸ்அப் இப்படிப்பட்ட சிக்னலிலும் ஓடும். அதனால் நெட் நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். அப்டேட் நூற்றுக்கணக்கான எம்பி. விண்டோஸ் விட்ட இடத்திலிருந்து தொடரத்தான் பார்க்கும், ஆனால் அடிக்கடி அறுந்தால் ஒரு கட்டத்தில் எரர் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும்.

இதற்கு ஊரில் சொல்லப்படும் தீர்வுகளை எனக்குப் பிடிக்காததிலிருந்து பிடித்தது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

போன் ஹாட்ஸ்பாட் உடனடி வழி. ஆனால் பல ப்ரீபெய்டு திட்டங்களில் ஒரு நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபிதான். அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் அப்டேட் இறங்குவதாகப் பேச்சே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. டேட்டாவை மிச்சம் பிடிக்க யாராவது அந்த இணைப்பை மீட்டர்டு என்று குறித்து வைத்திருந்தால் விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டை இறக்காமல் காத்துக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பெயரைத் தொட்டு, மீட்டர்டு கனெக்ஷன் என்பது ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒரு வாரம் திறக்கும் வீட்டுக்கு ஹாட்ஸ்பாட் போதும், மற்றபடி வேண்டாம்.

வைஃபை எக்ஸ்டென்டர் என்று கடையில் கிடைக்கும் சின்னக் கருவி அடுத்தது. விலை குறைவு, பிளக்கில் சொருகினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் எக்ஸ்டென்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். இதைவிடப் பெரிய தவறு அதை வைக்கும் இடத்தில் நடக்கிறது. நெட் வராத இரண்டாங்கட்டில் அதைச் சொருகினால், கிடைக்காததை அது எப்படிப் பெருக்கும்? நல்ல சிக்னல் இருக்கும் வளவு ஓரத்தில் வைக்க வேண்டும். அங்கே பிளக் பாயின்ட் இருக்காது. நம் வீடுகளில் எக்ஸ்டென்டர் தோற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மின் ஒயரிங் வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் கருவியை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி வருகிறார்கள். அங்கே நன்றாக ஓடியிருக்கும். இங்கே பழைய ஒயரிங், மூன்று ஃபேஸ், சில வீடுகளில் பங்காளிகளுக்குத் தனித்தனி மீட்டர். முகப்பு பிளக் ஒரு ஃபேஸிலும் இரண்டாங்கட்டு பிளக் வேறு ஃபேஸிலும் இருந்தால் சிக்னல் மெலிந்துவிடும். மீட்டரே வேறு என்றால் நம்பவே வேண்டாம். சோதித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

மெஷ் வைஃபை இவற்றைவிட நல்ல தீர்வு. இரண்டு மூன்று பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே பெயரில் வைஃபை தரும். வளவு அமைப்பு இதற்கு ஒத்துழைக்கிறது: நடுவில் முற்றம் திறந்த வெளி, சுற்றிலும் தாழ்வாரம். முகப்பில் ஒன்று, கதவு நேர்கோட்டில் வளவின் அடுத்த ஓரத்தில் ஒன்று என்று ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்தால் நன்றாகவே ஓடும். வீடு நிறைய ஆட்கள், எல்லார் கையிலும் போன் என்று இருக்கும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன். விலை அதிகம். ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காக இதை வாங்க வேண்டியதில்லை.

பலரும் யோசிக்காத வழி ஒன்று உண்டு: ஃபைபர் பெட்டியையே உள்ளே கொண்டுபோய்விடுவது. ஃபைபர் கேபிள் மெல்லியது. கேபிள்காரரிடம் சொன்னால் முகப்பிலிருந்து வளவுக்கோ இரண்டாங்கட்டு வாசலுக்கோ நீட்டிக் கொடுப்பார். கம்ப்யூட்டரும் பெட்டியும் ஒரே அறையில் இருந்தால் மற்ற எதுவுமே தேவைப்படாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஃபைபரை மூலையில் கூர்மையாக மடக்கக் கூடாது, வளைவாகத்தான் திருப்ப வேண்டும். முகப்பில் சிசிடிவி டிவிஆர் (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) இருக்கிற வீட்டில் இது சரிப்படாது, ஏனென்றால் டிவிஆருக்கு நெட் அங்கேயே வேண்டும்.

இப்போது எனக்குப் பிடித்தது: முகப்புப் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் வரை ஒரு லேன் கேபிள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். அவ்வளவு தூரம் நம் வீடுகளில் பெரும்பாலும் வராது. கேட் 6 கேபிள் வாங்குங்கள். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மட்டமான கேபிளும் அதே பெயரில் விற்கிறது. வளைத்தால் உள்ளே முறியும், தூரம் போனால் சிக்னல் தளரும். முற்றத்து ஓரமாக வெயில் படுகிற இடத்தில் போவதென்றால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறை கேபிள்தான் சரி. சாதாரண உறை வெயிலில் வெடித்துவிடும்.

கேபிள் போகும் வழியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பலரும் இந்த வழியை வேண்டாம் என்பதற்குக் காரணம் வீடு கெட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. செதுக்கிய கதவு நிலையில் துளை போட ஒருநாளும் விடாதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய அந்தப் பழைய பூச்சில் ஆணி அடித்தால் பொரிந்து விழும், அதை அதே மாதிரி திரும்பப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். ஆத்தங்குடிக் கல்லை எடுத்துத் தரைக்கடியில் குழாய் விடுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். இதெல்லாம் தேவையே இல்லை. முகப்பிலிருந்து வளவுக்கு ஏற்கெனவே கரண்ட் ஒயர் போகிற ஓட்டை இருக்கும், அல்லது கதவுக்கு மேலே காற்றுக்கு விட்ட சந்து இருக்கும். வளவுக்குள் உத்தரத்தின் மேல்பக்கமாகவே கேபிளைப் படுக்க வைத்துக்கொண்டு போனால் கீழே நிற்பவர் கண்ணுக்கே தெரியாது. கரண்ட் ஒயரோடு ஒட்டிக் கட்டாமல் கொஞ்சம் தள்ளி விடுங்கள். எலி நடமாட்டம் இருந்தால் பிவிசி குழாய்க்குள் போடுங்கள். அப்புறம், வளவு பொது என்றால் பங்காளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இந்த ஒரு வார்த்தை விட்டுப்போனதால் கேபிள் அறுந்து தொங்கிய வீடுகளும் உண்டு.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை. கேபிள் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு வரும் எந்தக் கோளாறிலும் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று குறைகிறது. சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் வழி சொல்லும்போது, சிக்னல் எத்தனை புள்ளி காட்டுது என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை.

செட்டிங்ஸில் கைவைக்கும்போது

நெட் வழி சரியாக இருந்தும் எரர் வந்தால், சின்ன மருந்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மாதக்கணக்கில் பூட்டிய வீடு என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் சிஆர் 2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டரில் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்திருந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சொல்லி அப்டேட் சர்வரும் பேங்க் தளமும் திறக்க மறுக்கும். நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கும் பல வீடுகளில் கோளாறு இந்தச் சின்னப் பேட்டரியில்தான். சாதாரண வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்து இடம். விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றத்துக்குச் சி டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்க வேண்டும். கல்யாண வீடியோவை டெஸ்க்டாப்பில் போட்டு வைத்திருந்தால் வேறு டிரைவுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் கம்ப்யூட்டருக்கு இருக்கும் எண். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்தால் வரும் எண் 192.168 என்று தொடங்கினால் ரவுட்டரோடு பேச்சு நடக்கிறது என்று அர்த்தம். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையோ, ரவுட்டரையோ, நெட்வொர்க் டிரைவரையோ பார்க்க வேண்டும், அப்டேட்டைப் பார்த்துப் பயன் இல்லை. முகவரி சரி, சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் எண்ணை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றிப் பார்க்கலாம். இதில் இழப்பு எதுவும் இல்லை, பிடிக்காவிட்டால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகுதான் ரீசெட். ரீசெட் என்ற பெயரில் வேறு வேறு வேலைகள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ளாதீர்கள். விண்டோஸில் இருக்கும் நெட்வொர்க் ரீசெட் அந்தக் கம்ப்யூட்டரின் நெட் அமைப்பை மட்டும் அழிக்கும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், கையால் கொடுத்த ஐபி எண் போகும், அலுவலக விபிஎன் இருந்தால் திரும்ப அமைக்க வேண்டும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பாஸ்வேர்டு கையில் இருந்தால் தைரியமாகச் செய்யலாம்.

நெட் பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் ஓட்டை இருக்கிறதே, அது வேறு கதை. அதை அழுத்திப் பிடித்தால் கம்பெனிக்காரர் ஏற்றிவைத்த இணைப்பு விவரமும் சேர்ந்து அழிந்துபோகலாம். அவர் வந்து திரும்பப் போடும் வரை வீட்டுக்கே நெட் இருக்காது. சிசிடிவி பார்ப்பதற்காக அதில் செய்து வைத்த அமைப்பும் போய்விடும். பூட்டிய வீட்டை வெளிநாட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய கவலை! அன்றைக்கும் போனில் நான் முதலில் சொன்னது இதுதான்: "ஆச்சி, அந்தச் சின்ன ஓட்டையில மட்டும் ஊசியை விட்டுடாதீங்க, நான் வந்துடுறேன்." பெட்டியை ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் கழித்து ஆன் பண்ணுங்கள். அது போதும்.

அப்டேட் இறங்கிவிட்டது, ஏறவில்லை என்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிரபிள்ஷூட்டரை ஓட்டுங்கள். அதில் ஆகாவிட்டால், அப்டேட் சர்வீஸை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஃபோல்டரின் பெயரை மாற்றினால், அரைகுறையாக இறங்கியதை விட்டுவிட்டு விண்டோஸ் புதிதாகத் தொடங்கும். அதிலும் தீராவிட்டால், ஃபார்மட்டுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது: விண்டோஸை அதன் மேலேயே ஏற்றுவது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து செட்அப்பை ஓட்டினால், கோப்புகளும் புரோகிராம்களும் இருந்த இடத்தில் இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகிவிடும். கேட்கும் இடத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று தேர்வு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓவை ஊரில் இறக்க முடியாவிட்டால் சென்னையிலிருந்து வருகிறவர் 8 ஜிபி பென்டிரைவில் கொண்டுவரலாம். ஃபார்மட் செய்தால் டாலி (கணக்கு எழுதும் புரோகிராம்), பிரிண்டர், ஸ்கேனர் என்று ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்ற வேண்டும். இதில் அந்த வேலை இல்லை. ஆகவே ஃபார்மட் பண்ணிடலாம் என்று சொல்பவரிடம், மேலேயே ஏத்திப் பார்த்தீங்களா என்று கேளுங்கள்.

எதைத் தொடங்கினாலும் அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு உண்டா என்று பார்த்துவிடுங்கள். அப்டேட் பாதியில் ஏறும்போது காலை 9 மணிக்குக் கரண்ட் போனால், மேலே சொன்ன எதுவும் காப்பாற்றும் என்ற உத்தரவாதம் இல்லை. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரோடு நெட் பெட்டியும் இருக்க வேண்டும்.

கடைசியில், எந்த விண்டோஸ்?

மேலே சொன்னவை முடிந்த பிறகு விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுக்கு நாலு வழி மிச்சம்.

நீட்டிப்புத் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தரும். புது வசதி எதுவும் வராது. கம்ப்யூட்டரில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைய வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை; இல்லாவிட்டால் 30 டாலர், அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் 1,000 புள்ளிகள். பதிவு செய்யும் சுட்டி அப்டேட் பக்கத்திலேயே தெரியும். டாலியில் கணக்கு வைத்திருப்பவர்கள், வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துகிறவர்கள், பழைய பிரிண்டரை விட மனமில்லாதவர்கள் இதையே எடுங்கள். அவசரத்தில் முடிவெடுக்காமல் நிதானமாகப் பார்க்க நேரம் கிடைக்கும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப் வசதி), செக்யூர் பூட் (தொடங்கும்போதே சரிபார்க்கும் வசதி), 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண் 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. பிசி ஹெல்த் செக் என்ற மைக்ரோசாஃப்ட் செயலியே ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிடும். ஆகாது என்று சொன்னாலும் காரணத்தைப் படியுங்கள். டிபிஎம் இல்லை என்று மட்டும் சொன்னால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்பில்) அது ஆஃபாக இருக்கலாம், ஆன் செய்தால் சரியாகிவிடும். 4 ஜிபி ராமில் 11 ஏறும், ஆனால் இழுத்துக்கொண்டுதான் ஓடும். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகு ஏற்றுவதே நல்லது. தகுதியுள்ள கம்ப்யூட்டர் என்றால் இதில் தயங்க ஒன்றுமில்லை.

தகுதியில்லாத கம்ப்யூட்டரிலும் சோதனையைத் தாண்டி 11 ஏற்றித் தருகிறேன் என்று சில கடைகளில் சொல்கிறார்கள். ஏற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை, வருடாந்திரப் பதிப்பு மாறும்போது மறுபடி அதே வித்தையைக் கையால் செய்ய வேண்டிவரும். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் வீட்டிலேயே இருந்தால் பரவாயில்லை. ஆச்சி மட்டும் இருக்கும் வீட்டில் இதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் பற்றி நம் ஊரில் தேவையில்லாத பயம் இருக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் பிள்ளைகள் அதைப் பார்த்தவர்கள்தான். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபி ராமில் நிம்மதியாக ஓடும். செய்தி படிப்பது, யூடியூப், வீடியோ கால், பேங்க் தளம், தமிழ்99-இல் தட்டச்சு என்று இருப்பவருக்கு இது நிறைவாகவே போதும். டாலி ஓடாது. சில பழைய லேசர் பிரிண்டர்கள் மக்கர் செய்யும். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. வைஃபை, பிரிண்டர், ஸ்பீக்கர் மூன்றும் அதில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, நிலையாக ஏற்றுவதற்கு முன் கோப்புகளைத் தனியாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதைக் கடைசியில் வைக்கிறேன். மதர்போர்டு போய்விட்டது, அல்லது டாலியும் வேண்டும், கம்ப்யூட்டருக்கு 11 ஏறும் தகுதியும் இல்லை, நீட்டிப்பும் முடியப்போகிறது என்றால் வாங்கத்தான் வேண்டும். வாங்கினாலும் அதை அதே இரண்டாங்கட்டு அறையில் அதே வைஃபையில் வைத்தால், முதல் நாளே விண்டோஸ் 11 ஹோம் தன் அமைப்பை முடிக்க நெட் கேட்கும், அங்கேயே நின்றுவிடும். கேபிள் வேலைக்கு ஆளை வரச் சொல்லிவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.